ஒத்தையா ரெட்டையா: குவாண்டம் சாவிப் பகிர்வின் பிழைதிருத்தம் குறித்து ஒரு திறனாய்வு

சென்ற பருவத்தில் படிவம் ஐந்து மாணவி ஒருவரின் கருத்து விளக்கக் கட்டுரையைத் திருத்தினேன். தலைப்பு, தகவல் பாதுகாப்பு. நடை நன்றாக இருந்தது. பத்தி பிரிப்பு ஒழுங்கு. எழுத்துப்பிழை இரண்டே இரண்டு. நடுவில் குவாண்டம் சாவிப் பகிர்வு பற்றி மூன்று வாக்கியம் எழுதியிருந்தார். இடையில் யாராவது ஒட்டுக்கேட்டால் பிழை தோன்றும். பிழை தோன்றினால் திருடன் வந்துவிட்டான் என்று பொருள், அந்தச் சாவியைத் தூக்கி எறிந்துவிடலாம். ஆகவே இம்முறையை யாராலும் உடைக்க முடியாது. நான் ஓரத்தில் ‘மிக நன்று’ என்று எழுதிக் கருத்துக்கான மதிப்பெண்ணை முழுசாகப் போட்டேன்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த மூன்று வாக்கியத்தில் முதலாவது அரை உண்மை, மற்ற இரண்டும் தவறு. அவராகச் செய்த தவறும் இல்லை. நான் கொடுத்த ஒரு பக்கக் குறிப்பிலிருந்து எடுத்து எழுதியது. இயற்பியல் பாடத்தில் குவாண்டம் இயற்பியல் ஓர் இயலாகவே வந்த பிறகு இத்தகைய குறிப்புகள் நம் கைகளில் நிறையப் புழங்குகின்றன. எல்லாவற்றிலும் ஒரே கதை, ஒரே முடிவு. என்னுடையதும் அப்படித்தான்.

மாட்டிவிட்டது இன்னொரு மாணவன். வகுப்பில் எழுந்து கேட்டான்: “சார், லைன்ல சும்மாவே இரைச்சல் இருக்குமே. திருடன் வராமலே பிழை வந்தா என்ன செய்வாங்க? ஒவ்வொரு தடவையும் தூக்கிப் போட்டுட்டா சாவி எப்பத்தான் கிடைக்கும்?” நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்தேன். அந்த நாளை வர மூன்று வாரம் ஆனது. அவன் கேள்விக்கு விடை 1993-இல் ஜில் பிராசார், லூயி சல்வாய் இருவரும் யூரோகிரிப்ட் மாநாட்டில் அளித்த ஆய்வுக்கட்டுரையில் இருக்கிறது. அதில் வரும் முறைக்குக் ‘காஸ்கேட்’ என்று பெயர். அடுக்கடுக்காக விழும் அருவி என்று வைத்துக்கொள்ளலாம். அந்த முறையையும், அதற்குப் பின் வந்தவற்றையும், நம் குறிப்புகள் அவற்றை மறைத்துவிடும் விதத்தையும் இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

முதலில் பின்னணி, சுருக்கமாக. 1984-இல் சார்லஸ் பென்னட்டும் பிராசாரும் ஒரு மாநாட்டில் தங்கள் முறையை வெளியிட்டார்கள். அந்த மாநாடு நடந்தது பெங்களூரில் என்பதை மாணவர்களிடம் சொல்லுங்கள், நிமிர்ந்து உட்காருவார்கள். ஆங்கில நூல்களில் ஆலிஸ், பாப், ஈவ் என்று மூன்று பேர் வருவார்கள். எங்கள் வகுப்பில் அவர்கள் அமுதா, பாலன், ஈ. ஒட்டுக்கேட்பவருக்கு ‘ஈ’ பொருத்தமான பெயர்தான். அழைக்காமலே வந்து மொய்க்கும்.

அமுதா ஒவ்வொரு பிட்டையும் ஒரு தனி ஒளித்துகளில் ஏற்றி அனுப்புகிறார். அது ஆடும் திசை நான்கில் ஒன்று: நெடுக்கு, கிடை என ஒரு சோடி, இரண்டு சாய்வுகள் இன்னொரு சோடி. எந்தச் சோடி என்று தெரியாமலே பாலன் ஒன்றைத் தேர்ந்து அளக்கிறார். பிறகு இருவரும் எல்லார் காதிலும் விழும்படி, எந்தச் சோடியைப் பயன்படுத்தினோம் என்பதை மட்டும் ஒப்பிடுகிறார்கள். அளந்து கிடைத்த விடையைச் சொல்வதில்லை. சோடி ஒத்துப்போன பாதி மிஞ்சும். ஈ நடுவில் புகுந்து ஒவ்வொரு துகளையும் அளந்து, புதிதாக ஒன்றை அனுப்பினால், பாதித் தடவை தப்பான சோடியை எடுத்திருக்கும். அதில் பாதி பாலனிடம் தப்பாகப் போய்ச் சேரும். ஆக நூற்றுக்கு 25 பிழை. நம் குறிப்புகள் எல்லாம் இந்த இடத்தில் கைதட்டி முடித்துவிடுகின்றன.

ஆனால் உண்மையான கருவியில் ஈ இல்லாவிட்டாலும் பிழை வரும். உணர்கருவி ஒளியே படாமல் சில சமயம் ‘வந்தது’ என்று சொல்லும். அனுப்பும் பக்கமும் பெறும் பக்கமும் ஒரு மயிரிழை கோணம் தவறி நிற்கும். வெயில் ஏறினால் ஒளியிழைக்குள் ஒளியின் ஆட்டம் மெல்லத் திரும்பும். இப்படி நூற்றுக்கு ஒன்றோ மூன்றோ ஐந்தோ பிழை வந்துகொண்டே இருக்கும். இந்த மூன்று யாரால் வந்தது, ஈயாலா வெயிலாலா? கண்டுபிடிக்க வழியில்லை. ஒரு புத்திசாலி ஈ, பத்துத் துகளில் ஒன்றை மட்டும் தொட்டுவிட்டு, தன் பிழையை வெயிலின் பிழைக்குள் ஒளித்துக்கொள்ளலாம்.

இந்த முறை எடுக்கும் நிலைப்பாடு எனக்குப் பிடித்தது. யார் செய்தது என்று விசாரிப்பதே இல்லை. எல்லாப் பிழையையும் ஈயின் கணக்கிலேயே எழுதிவிடுகிறது. ‘இத்தனை விழுக்காடு பிழை இருந்தால் ஈக்கு அதிகபட்சம் இவ்வளவு தெரிந்திருக்கலாம்’ என்று ஓர் உச்சவரம்பு போட்டு, பிழைகளைத் திருத்தி, பிறகு அந்த அளவுக்குச் சாவியைச் சுருக்குகிறது. பிழை என்பது இங்கே விலைப்பட்டியல். அபாயமணி என்று நான் சொல்லிக்கொடுத்தது தப்பு.

இப்போது சிக்கல் வருகிறது. திருத்துவது என்றால் எப்படி? அமுதா தன் பிட்டுகளைப் படித்துக் காட்டினால் ஈயும் கேட்டுக்கொள்ளும். படிக்காவிட்டால் பாலனுக்கு எது தப்பு என்று தெரியாது. ரகசியத்தை வெளியே பேசித் திருத்தணும், ஆனால் ரகசியம் வெளியே போகக் கூடாது.

தோட்டத்தில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு ‘ஒத்தையா ரெட்டையா’ தெரியும். கைக்குள் ரப்பர் கொட்டையை மூடி வைத்துக்கொண்டு எதிரில் இருப்பவனைக் கேட்போம். எத்தனை கொட்டை என்று அவன் சொல்ல வேண்டாம். ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று சொன்னால் போதும். காஸ்கேட் முறையின் உயிர் இந்த விளையாட்டுத்தான். அமுதா தன் பிட்டுகளைக் கூறுகூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் எத்தனை 1 இருக்கிறது என்று சொல்லாமல், ஒத்தையா ரெட்டையா என்று மட்டும் சொல்கிறார்.

ஒரு கூறு எடுத்துப் பார்ப்போம். அமுதாவிடம் 1 0 1 1 0 0 1 0. பாலனிடம் 1 0 1 1 0 1 1 0. அமுதாவிடம் நான்கு 1, ரெட்டை. பாலனிடம் ஐந்து, ஒத்தை. விடை வேறுபடுகிறது, உள்ளே பிழை இருக்கிறது. கூறை இரண்டாக வெட்டி முதல் நான்கைக் கேட்கிறார்கள். இருவருக்கும் ஒத்தை, அங்கே வேறுபாடு இல்லை, பிழை பின்பாதியில். ஐந்தாவது ஆறாவதைச் சேர்த்துக் கேட்டால் அமுதாவுக்கு ரெட்டை, பாலனுக்கு ஒத்தை. ஐந்தாவதை மட்டும் கேட்டால் இருவருக்கும் ஒன்றே. அப்படியானால் ஆறாவதுதான் தப்பு. பாலன் அதை மாற்றிக்கொள்கிறார்.

எவ்வளவு செலவு? நான்கு தடவை அமுதா வாய் திறந்தார். ஒவ்வொரு ‘ஒத்தை’யும் ‘ரெட்டை’யும் ஈயின் காதிலும் விழுந்தது, ஒரு பிட் அளவு தகவல். எட்டு பிட்டில் ஒரு பிழையைத் திருத்த நான்கு பிட் போய்விட்டது. பாதிச் சாவி! சோதனையில் இந்தக் கேள்வி வந்தால் ‘திருத்தினோம்’ என்பதோடு நிறுத்தாமல் ‘என்ன விலை கொடுத்தோம்’ என்பதையும் எழுதுங்கள். அங்கேதான் சிந்தனை தெரியும்.

எனவே கூறின் அளவு முக்கியம். சின்னக் கூறு என்றால் கேள்வி எண்ணிக்கை கூடிவிடும். பெரிய கூறு என்றால் ஒரே கூறில் இரண்டு பிழை விழும். இரண்டு பிழை சேர்ந்தால் ஒத்தை-ரெட்டை மாறாது, இரண்டும் ஒளிந்துகொள்ளும். பிராசாரும் சல்வாயும் தேர்ந்த அளவு சராசரியாக ஒரு கூறுக்கு 0.73 பிழை. பிழை விகிதம் 1 விழுக்காடு என்றால் 73 பிட் கொண்ட கூறு, 5 என்றால் 14, 10 என்றால் 7. நூற்றுக்கு மூன்று பிழையும் 10,000 பிட்டும் இருந்தால் கூறுக்கு 24 பிட். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: முதல் சுற்றில் 300 பிழையில் ஏறத்தாழ 160 மட்டுமே பிடிபடும். மீதி எல்லாம் இரண்டிரண்டாக ஒளிந்து கிடக்கும்.

இந்த இடம்வரை புதுமை ஒன்றுமில்லை. பென்னட், பிராசார் முதலிய ஐவர் 1992-இல் எழுதிய செய்முறைக் கட்டுரையிலேயே கூறு பிரிப்பதும் பாதி பாதியாக வெட்டித் தேடுவதும் உண்டு. அவர்களுடைய கருவியில் 1989-இல் ஒளி கடந்த தூரம் சுமார் 30 சென்டிமீட்டர், நம் பள்ளி அடிக்கோல் நீளம். இன்னொரு வேடிக்கை: ஒளியின் திசையை மாற்றும் பகுதிக்கு மின்சாரம் கொடுத்த பெட்டி, ஒவ்வொரு திசைக்கும் ஒவ்வொரு விதமாகச் சத்தம் போட்டதாம். ஈ செவிடாக இருந்தால் மட்டுமே அது பாதுகாப்பான கருவி என்று பிராசாரே பிற்காலத்தில் கேலியாகச் சொல்லியிருக்கிறார்.

1992-இல் ஒவ்வொரு விடை சொன்ன பிறகும் அந்தக் கூறிலிருந்து ஒரு பிட்டை எடுத்து எறிந்துவிடுவார்கள். ஒரு பிட் தகவல் வெளியே போனது, ஒரு பிட்டை எறிந்தால் சரியாகிவிட்டது என்ற நேர்மையான கணக்கு. அடுத்த சுற்றுக்குப் பிட்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி குலுக்கி, புதிதாகக் கூறு பிரிப்பார்கள். பழைய கூறுகள் மறக்கப்படும்.

காஸ்கேட் செய்த மாற்றம் சின்னது. எறியாதே, மறக்காதே. அவ்வளவுதான். வெளியே போன தகவலை எண்ணி வைத்துக்கொள். கடைசியில் மொத்தமாகக் கழித்துக்கொள்ளலாம். இப்போது இரண்டாம் சுற்றில், கூறின் அளவை இரு மடங்காக்கி, குலுக்கிப் பிரிக்கிறோம். ஒரு கூறில் ஒரு பிழை அகப்படுகிறது. அந்தப் பிட் முதல் சுற்றில் எந்தக் கூறில் இருந்தது என்று திரும்பிப் பாருங்கள். அந்தக் கூறு ‘ஒத்துப்போகிறது’ என்று விட்டுவிட்ட கூறு; அப்படியானால் அங்கே இரண்டு பிழை இருந்திருக்கணும். ஒன்றை இப்போது திருத்தியாச்சு. மிச்சம் ஒன்று, அது இனி ஒளிய முடியாது. முதல் சுற்றின் சின்னக் கூறுக்குள் தேடுவதால் கேள்வியும் குறைவு. அது கிடைத்தால், இரண்டாம் சுற்றில் அது இருந்த கூறின் ஒத்தை-ரெட்டை மாறும். அங்கே இன்னொன்று. இப்படி ஒன்று விழ, அது அடுத்ததைத் தள்ள, நான்கு சுற்றுக்குள் அநேகமாக எல்லாம் கரைந்துவிடும். ‘அருவி’ என்ற பெயரை மாணவர்கள் இந்த இடத்தில்தான் புரிந்துகொள்கிறார்கள்.

வகுப்பில் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. பதினாறு காகிதத் துண்டில் 0, 1 எழுதி இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுங்கள், ஒருவரிடம் இரண்டை மாற்றி வையுங்கள். இரண்டு பிழையும் ஒரே கூறில் விழும்படி முதல் சுற்றை அமையுங்கள். பிள்ளைகள் ‘எல்லாம் சரி சார்’ என்பார்கள். அப்புறம் குலுக்கச் சொல்லுங்கள். துண்டின் பின்புறம் வரிசை எண் போட மறக்காதீர்கள். நான் மறந்து, இரண்டு பேரும் வேறு வேறு மாதிரி குலுக்கி, ஒரு பாடவேளை வீணானது.

காஸ்கேட் எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்று அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். அது கிளாட் ஷானன் 1948-இல் தொடங்கிவைத்த தகவல் கோட்பாட்டிலிருந்து வருகிறது. நூற்றுக்கு மூன்று பிழையுள்ள 10,000 பிட்டைத் திருத்த, எந்த மேதையானாலும் சுமார் 1,944 பிட் வெளியே சொல்லித்தான் ஆகணும். 1993-இன் காஸ்கேட் இதைவிட ஏறத்தாழ 16 விழுக்காடு அதிகம் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது பல நூல்களில் வரும் எண். அப்படியானால் சுமார் 2,255. ஈயின் கணக்கில் எழுதவேண்டியது இன்னொரு 1,944. பத்தாயிரத்திலிருந்து இரண்டையும் கழித்தால் 5,800 பிட் சாவி மிஞ்சும். மோசமில்லை.

பிழை கூடினால்தான் கை கடிக்கும். நூற்றுக்கு 11 பிழை வந்தால் அந்த ஷானன் எண் சரியாகப் பாதியாகிவிடும். திருத்தத்துக்குப் பாதி, ஈக்குப் பாதி, நமக்குப் பூஜ்யம். 2000-இல் ஷோர், பிரெஸ்கில் இருவரும் நிறுவிய புகழ்பெற்ற 11 விழுக்காட்டு எல்லை இதுதான். ஆனால் அது திருத்தம் ஒரு பிட்கூட வீணாக்காதபோது. நீங்கள் 16 விழுக்காடு அதிகம் பேசுகிறவராக இருந்தால் அந்த எல்லை 10-க்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். திருத்தும் முறையின் வாய் நீளம், கருவி எவ்வளவு தூரம் எட்டும் என்பதையே தீர்மானிக்கிறது. இயற்பியலில் உழைத்துச் சம்பாதித்ததைக் கணக்கில் கோட்டைவிடலாம் என்பது எனக்குப் புதுச் செய்தி. நம் குறிப்புகளில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது.

சரி, குறை. 1993 கட்டுரையைப் புகழ்ந்தே போகமுடியாது. கூறின் தொடக்க அளவும் அதை இரட்டிப்பாக்கும் விதியும் செய்துபார்த்துத் தேர்ந்தவை. அவையே சிறந்தவை என்பதற்கு நிறுவல் இல்லை. பின்னால் வந்தவர்கள் அந்த எண்களை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, காஸ்கேட் என்றாலே அந்த 16 விழுக்காடு என்று எழுதிவிட்டார்கள். 2015-இல் ஸ்பெயின், ஆஸ்திரிய ஆய்வாளர் குழு ஒன்று இதைத் தட்டிக் கேட்டது. கூறின் அளவை இரண்டின் அடுக்காக எடுத்து, அப்போதுதானே பாதி பாதியாக வெட்டும்போது மிச்சம் வராது, இரண்டாம் சுற்றில் கூறை நன்றாகப் பெரிதாக்கி, சுற்றுகளையும் கூட்டினால் வீண்பேச்சு 5 விழுக்காட்டுக்கும் கீழே வருகிறது என்று காட்டியது. எங்கள் பத்தாயிரம் பிட் கணக்கில் அது 200 பிட்டுக்கு மேல் மிச்சம். இருபது ஆண்டுகளாக ஒரு நல்ல முறை அதன் முதல் பதிப்பின் எண்களுக்காகவே திட்டு வாங்கியிருக்கிறது.

இரண்டாவது குறை வலுவானது. காஸ்கேட் ஓயாமல் பேசும். ஒவ்வொரு கேள்விக்கும் விடை வந்த பிறகுதான் அடுத்த கேள்வி. 300 கிலோமீட்டர் ஒளியிழை என்று வையுங்கள், ஏறத்தாழக் கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாரு. ஒளி போய்வர 3 மில்லிநொடி. நூறு முறை போய்வந்தால் 0.3 நொடி ஓடிவிடும், அதற்குள் கருவி இன்னும் பிட்டுகளைக் கொட்டியிருக்கும். ‘ஆகவே காஸ்கேட் மெதுவானது’ என்று பாடநூல்கள் முடிக்கின்றன. இதுவும் பாதிதான் சரி. பல கூறுகளின் கேள்விகளை ஒரே மடலில் கட்டி அனுப்பலாம். ஒரு தொகுதிக்கு விடை வரும்வரை இன்னொரு தொகுதியைத் திருத்தலாம். கடைக்காரர் ஒருவருக்கு எடைபோட்டுக்கொண்டே மற்றவரிடம் காசு வாங்குவதில்லையா?

போட்டியாக வந்தவற்றில் ‘வின்னோ’ 2003-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் பிறந்தது. பெயருக்கு முறத்தில் புடைப்பது என்று பொருள். பாதி பாதியாக வெட்டாமல் ஹேமிங் குறியீட்டால் ஒரே அடியில் பிழையின் இடத்தைக் காட்டும். பேச்சு குறைவு. ஆனால் ஒரே கூறில் மூன்று பிழை இருந்தால் திருத்துவதற்குப் பதிலாக நான்காவதைப் புகுத்திவிடக்கூடும். திருத்துகிறேன் என்று வந்து கெடுக்கிற இந்தக் குணம் எனக்கு ஒப்பவில்லை.

உண்மையான போட்டி எல்.டி.பி.சி. குறியீடு. 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கேலகர் உருவாக்கியது. அக்காலக் கணினிகளுக்கு அது பெரும்பாரம் என்பதால் பரணில் கிடந்து, 1990களில் தூசி தட்டப்பட்டது. அமுதா ஆயிரக்கணக்கான ஒத்தை-ரெட்டை விடைகளை ஒரே கடிதத்தில் அனுப்பிவிடுகிறார். ஒவ்வொரு விடையும் சில பிட்டுகளைப் பற்றியது, ஒவ்வொரு பிட்டும் சில விடைகளில் வரும். பாலன் வீட்டில் உட்கார்ந்து சுடோக்கு போடுவதுபோல எல்லா விடையும் ஒத்துப்போகும்வரை தன் பிட்டுகளை மாற்றி மாற்றிப் பார்க்கிறார். போய்வரும் தொல்லை இல்லை. ஆனால் எத்தனை விழுக்காடு பிழை என்று முன்கூட்டியே ஓரளவு சரியாகத் தெரிந்திருக்கணும்; குறைத்து மதிப்பிட்டால் புதிர் அவிழாது, மேலும் விடை கேட்கணும் அல்லது அந்தக் கூட்டையே எறியணும். கூட்டி மதிப்பிட்டால் தேவையில்லாமல் பேசியாகிவிட்டது. கணினிக்கு வேலையும் அதிகம். காஸ்கேட்டோ பிழை கூடக்குறைய இருந்தாலும் அதற்கேற்பத் தானாகவே கேள்வியைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். முடியும்போது எத்தனை பிழை என்ற சரியான எண்ணிக்கையையும் கையில் கொடுத்துவிடும்.

எது சிறந்தது? வேகமாகப் பிட் கொட்டும் நீண்ட தடத்துக்கு எல்.டி.பி.சி. பிழை விகிதம் நிலையில்லாமல் ஆடும் தடத்துக்கும், கணினிவலிமை குறைந்த இடத்துக்கும் காஸ்கேட். வகுப்பறைக்குச் சந்தேகமே இல்லாமல் காஸ்கேட், ஏனென்றால் எல்.டி.பி.சி.யைக் காகிதத் துண்டில் செய்துகாட்ட நான் முயன்று தோற்றேன்.

எந்த முறையானாலும் கடைசியில் ஒரு சரிபார்ப்பு கட்டாயம். இருவரும் தங்கள் பிட்டுகளிலிருந்து ஒரு சிறு சுருக்க எண்ணைக் கணித்து ஒப்பிடுவார்கள். ஏனென்றால் அடுத்து வரும் சுருக்கும் படியில் எல்லாப் பிட்டுகளையும் கலந்து பிசைவார்கள். ஒரே ஒரு பிழை தப்பியிருந்தால் இரண்டு சாவிக்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விடும். இன்னொரு மாணவி இங்கே கேட்டார்: “ஈயும் எல்லா ஒத்தை ரெட்டையும் கேட்டுச்சே, அப்ப அதுவும் தன்னோடதைத் திருத்திக்குமே?” திருத்திக்கொள்ளும். அதனால்தான் பிசைந்து சுருக்குகிறோம். சொன்ன ஒவ்வொரு விடைக்கும் ஒரு பிட் குறைத்து, அரைகுறையாகத் தெரிந்தவருக்கு ஒன்றுமே தெரியாத நிலைக்குக் கொண்டுபோவது அந்தப் படி.

மீண்டும் அந்த மூன்று வாக்கியத்துக்கு வருகிறேன். ‘யாராலும் உடைக்க முடியாது’ என்பதற்கு மறுப்பு தேட ஐரோப்பாவுக்குப் போக வேண்டாம். 2011-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் நார்வே நாட்டினரும் சேர்ந்து, அந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் 290 மீட்டர் ஒளியிழையில் ஓடிக்கொண்டிருந்த சாவிப் பகிர்வை ஒட்டுக்கேட்டுக் காட்டினார்கள். பாலனின் உணர்கருவியில் வலுவான ஒளியைப் பாய்ச்சிக் குருடாக்கி, தாங்கள் விரும்பிய விடையை மட்டும் அது சொல்லும்படி ஆட்டுவித்தார்கள். முழுச் சாவியும் ஈயின் கையில். ஆனால் பிழை விகிதத்திலோ மற்ற அளவுகளிலோ சந்தேகப்படும்படி எதுவும் தெரியவில்லை. கோட்பாடு பொய்க்கவில்லை, கருவி கோட்பாடு சொன்னபடி நடக்கவில்லை. ஆக ஈ இல்லாமலும் பிழை வரும், பிழை இல்லாமலும் ஈ வரும். ‘பிழை என்றால் திருடன்’ என்ற வாக்கியம் இரண்டு பக்கமும் ஓட்டை.

தேர்வு எழுதும் மாணவர்கள் இவ்வளவையும் எழுத இடமில்லை, தெரியும். கட்டுரையில் மூன்று வாக்கியம்தான் கிடைக்கும் என்றால் அந்த மூன்றையும் மாற்றி எழுதலாமே என்று அந்த மாணவியிடமே கொடுத்தேன். முதலில் என்மேல் கோபம்தான். ‘மிக நன்று’ என்று போட்டது நீங்கதானே சார் என்றார். நியாயம். அடுத்த வாரம் இப்படி எழுதி வந்தார்:

‘குவாண்டம் முறையில் சாவியை அனுப்பும்போது இயற்கையாகவே சில பிழைகள் தோன்றும், அவை ஒட்டுக்கேட்பவரால் வந்தவையா இல்லையா என்று பிரித்தறிய முடியாததால் எல்லாவற்றையும் அவருடையதாகவே கணக்கிடுவர். அனுப்பியவரும் பெற்றவரும் தங்கள் பிட்டுகளின் ஒற்றை இரட்டையை மட்டும் வெளிப்படையாக ஒப்பிட்டுப் பிழைகளைத் திருத்தி, அப்போது வெளியான தகவலின் அளவுக்கும் ஒட்டுக்கேட்பவர் அறிந்திருக்கக்கூடிய அளவுக்கும் சாவியைச் சுருக்குவர். பிழை ஏறத்தாழ 11 விழுக்காட்டை எட்டினால் சுருக்கிய பின் எதுவும் மிஞ்சாது, கருவிகள் குறையின்றி இயங்கினால் மட்டுமே இந்தப் பாதுகாப்பு செல்லும்.’

மூன்றாவது வாக்கியத்தை இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன். மறுத்துவிட்டார், மூன்றுதான் என்று நீங்கதானே சொன்னீங்க என்றார்.